மாடு இல்லாத ஊரில் புல்!

"வாடகை எல்லாம் வேணாம்டா. வீட்டைச் சுத்தி இருக்கிற புல்லை மட்டும் நீ பாத்துக்கோ, போதும்" என்றார் அண்ணன்.

நானும் பெருந்தன்மையாகத் தலையாட்டிவிட்டேன். பெருமுக்கல்லில் பிறந்து வளர்ந்தவனுக்குப் புல்லெல்லாம் ஒரு வேலையா, நீங்களே சொல்லுங்கள்? புல் அது பாட்டுக்கு முளைக்கும். மாடு அது பாட்டுக்கு மேயும். நடுவில் நமக்கென்ன ஜோலி?

அங்கேதான் ஏமாந்தேன் ஸார்!

2018 ஏப்ரல். ஆபீஸில் என்னை எட்டு மாசத்துக்கு டொரண்டோவுக்கு 'ஆன்சைட்' தள்ளினார்கள். அண்ணனுக்கு அங்கே ஸ்கார்பரோவில் சொந்த வீடு. பேஸ்மென்ட்டில் எனக்கு ஓர் அறை. கூடவே அப்பாவும் வந்தார். அம்மா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் அவரைத் தனியே விடக்கூடாது என்று அண்ணன் 'சூப்பர் விசா' வாங்கி வைத்திருந்தார். அந்த விசாவில் அப்போது ஒரு முறை வந்தால் இரண்டு வருஷம் வரை தங்கலாம்.

அண்ணன் மனசில் இரண்டு வருஷக் கணக்கு இல்லை; மொத்தக் கணக்கு இருந்தது. அப்பா இங்கேயே இருந்துவிட வேண்டும். மலையடியில் இருக்கிற ஒன்றரைக் காணியை விற்றுவிட வேண்டும். நல்ல விலைக்கு ஒரு பார்ட்டி கூட வந்துபோயிருந்தது. இதை அப்பாவிடம் யார் சொல்வது என்பதுதான் பாக்கி. விமானத்தில் இருபது மணி நேரம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வந்த நான், வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுத் தட்டு வந்தபோது மட்டும் திறந்தேன்.

பெருமுக்கல் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில், சமதரையில் திடீரென்று ஒரு பாறை மலை எழுந்து நிற்கும். உச்சியில் முக்தியாலீஸ்வரர் கோயில். பழைய வெள்ளைக்காரர் ஏடுகளில் 'பெர்மக்கோயில்' என்று வரும். 1760ல் அயர் கூட் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை இதுதான். இப்போது கோட்டையைக் காணோம். சுற்றுவட்டாரத்தில் கல் உடைக்கிற சத்தம் கேட்கும். மலையடியில் மானாவாரி நிலம். அதில் மல்லாட்டை. (வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். வேறு பெயரில் சொன்னால் எங்கள் ஊரில் அது முளைக்காது!)

நாங்கள் போய் இறங்கிய வாரமே டொரண்டோவில் பனிக்கட்டி மழை. ஏப்ரல் பாதியில்! சித்திரை முதல் தேதிக்கு அண்ணி மாங்காய்ப் பச்சடி செய்து வைத்திருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே மரக்கிளையெல்லாம் கண்ணாடி போட்ட மாதிரி நிற்கிறது. அப்பா ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். டி.வி.யைப் போட்டால் அணைக்கச் சொன்னார். அண்ணன் என்னைச் சமையலறைக்கு இழுத்து, "அப்பா ஏன்டா பேச மாட்டேங்கறார்?" என்றார். எனக்கு மட்டும் என்ன தெரியும்?

பனி கரைந்து வீட்டு வாசல் தெரிந்தது. அப்பா முதல் முறையாக வெளியே வந்து நின்றார். கால்சட்டைக்கு மேலே வேட்டி, அதற்கு மேலே அண்ணனின் கோட்டு. வாசல் புல்வெளியில் ரோட்டை ஒட்டி இரண்டடி அகலத்துக்குப் புல்லே இல்லை. கருகிக் காய்ந்து, வெள்ளை பூத்துக் கிடந்தது.

"இங்க என்னாடா கொட்டினீங்க?"

"நாங்க ஒண்ணும் கொட்டலப்பா. குளிர்காலத்துல ரோட்டுல ஐஸ் உருகறதுக்கு உப்பு போடுவாங்க. அது வாரி அடிச்சு…"

"உப்பா?!"

அப்பா குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். அண்ணன் பதறி அக்கம்பக்கம் பார்த்தார். மரக்காணம் உப்பளம் எங்களுக்குக் கூப்பிடு தூரம். உப்புக் காற்றும் உப்பு மண்ணும் அப்பாவுக்குப் புதுசா என்ன?

"இத்தினி உப்பை ரோட்டுல கொட்டறதுக்கா இவனுங்க இவ்ளோ படிச்சிருக்கானுங்க? சரி, வுடு. ஜிப்சம் கிடைக்குமா இங்க?"

கிடைத்தது. தோட்டக் கடையில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். விஷயம் இதுதான்: உப்பில் இருக்கிற சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும், தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் போய் அந்த சோடியத்தைக் கிளப்பிவிடும். அப்புறம் தண்ணீர் விட்டு அலச வேண்டும். நம் ஊரில் களர் நிலத்துக்குச் செய்கிற அதே வைத்தியம். அங்கேயும் அதையேதான் செய்கிறார்கள். அப்பா அந்த இரண்டடிப் பட்டையைக் கொத்தி, ஜிப்சம் தூவி, நாலைந்து நாள் விட்டு விட்டுத் தண்ணீர் காட்டினார். அன்றைக்குத்தான் ராத்திரி சாப்பிடும்போது இரண்டாவது முறை ரசம் கேட்டார்.

மே மாசம் பிறந்ததும் என் தண்டனைக் காலம் ஆரம்பம்.

குளிர் நாட்டுப் புல் இருக்கிறதே, அது நம் ஊர்ப் புல் மாதிரி அல்ல. கென்டக்கி புளூகிராஸ், ஃபெஸ்க்யூ, ரைகிராஸ் என்று ஜாதிகள். வெயில் தாங்காது, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும்தான் வெறி பிடித்த மாதிரி வளரும். திங்கள்கிழமை வெட்டினால் சனிக்கிழமை மறுபடி கணுக்கால் உயரம். ஆபீஸில் ஐந்து நாள் எக்செல் ஷீட்டோடு மல்லுக்கட்டிவிட்டு, ஆறாம் நாள் புல் வெட்டும் மெஷினோடு மல்லுக்கட்ட வேண்டும். தெரு முழுக்க சனிக்கிழமை காலையில் 'டுர்ர்ர்…' என்று ஒரே சத்தம். நம் ஊர் மார்கழி பஜனை மாதிரி, யாரும் தப்ப முடியாது.

முதல் தடவை நான் செய்த காரியம் – மெஷினில் இருப்பதிலேயே கீழ் அளவை வைத்து ஒட்ட மழித்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு வேலை மிச்சம் என்று என் கணக்கு! மறுநாள் புல்வெளி சொறி பிடித்த நாய் மாதிரி நின்றது.

"தலையில மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காதடா. மொட்டையடிச்சா வேரு காயும். களை ஏறும்" என்றார் அப்பா. அவர் வாழ்க்கையில் லான் என்று பார்த்தது ஒரே ஒரு முறை, கல்யாணமான புதிதில் அம்மாவோடு போன ஊட்டி தாவரவியல் பூங்காவில். அதுவும் 'புல் மீது நடக்காதீர்' என்று போர்டு போட்டிருந்ததால் ஓரமாக நின்று பார்த்தாராம். ஆனால் அங்கே தோட்டக்கலைக்காரர்கள் எழுதி வைத்திருப்பதும் அதேதான்: மூன்று அங்குல உயரம் வைத்து வெட்டு, ஒரு முறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதே.

வெட்டிய புல்லை என்ன செய்வது என்பதில்தான் அப்பாவுக்குத் தீராத வேதனை.

"மாடே இல்லாத ஊர்ல எதுக்குடா இத்தினி புல்லு? நாலு பசு தாராளமா நிக்கும். தெருவுல நாப்பது வீடு இருக்குது. நூத்தி அறுபது மாடு!"

அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பா சீரியஸாகத்தான் சொல்கிறார் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். கடைசியில், வெட்டிய துணுக்குகளை அப்படியே புல்வெளியிலேயே விட்டால் அதுவே மக்கி உரமாகும் என்று நான் எங்கேயோ படித்ததைச் சொன்னதும் சமாதானமானார். "ஆமா, தழைச்சத்து. நிலத்துதை நிலத்துக்கே குடுத்துடு."

உரக் கடையில் அவர் போட்ட போடுதான் பிரமாதம். என்னைப் பொறுத்தவரை மூட்டையில் 30-0-3 என்று போட்டிருந்தது ஏதோ கிரிக்கெட் ஸ்கோர். அப்பா ஏழாம் வகுப்பு. மூட்டையைப் பார்த்த மாத்திரத்தில், "தழை முப்பது, மணி ஒண்ணுமில்ல, சாம்பல் மூணு. ஏன்டா மணிச்சத்தே வுட்டுட்டான்?" என்றார். பதினேழு-பதினேழு-பதினேழு காம்ப்ளக்ஸும் டி.ஏ.பி.யும் தோளில் சுமந்த மனுஷனுக்கு ஆங்கிலம் எதுக்கு? கடைக்காரப் பையனிடம் கேட்டேன். மணிச்சத்து மழைத் தண்ணீரோடு ஓடி ஏரிகளில் சேர்ந்தால் பாசி பிடித்து ஏரி கெடுகிறதாம்; அதனால் லான் உரத்தில் அதைக் குறைத்துவிட்டார்களாம். அப்பா கேட்டுக்கொண்டு, "ஏரியைப் பத்திக் கவலப்படற ஊரு" என்றார். அந்த ஊரைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது.

மே நடுவில் ஒரு காலை புல்வெளி முழுக்க மஞ்சள் பொட்டு. டான்டலையன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நாலே நாளில் வெள்ளைப் பஞ்சாகி ஊர் முழுக்கப் பறக்கும். அது நம் வீட்டிலிருந்து பறந்தால் பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறும். முன்பெல்லாம் களைக்கொல்லி அடித்துவிடுவார்களாம். ஒன்டாரியோ மாகாணத்தில் 2009 ஏப்ரல் முதல், வீட்டுப் புல்லை அழகுபடுத்துவதற்காக அந்த மருந்துகளை அடிக்கத் தடை. ஆக, கையால்தான் பிடுங்க வேண்டும். ஆணிவேர் அடிவரைக்கும் போகும். பாதியில் அறுந்தால் மறுபடி முளைக்கும்.

ஒரு நாள் ஆபீஸ் விட்டு வந்து பார்க்கிறேன். அப்பா வாசல் புல்வெளியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வரிசை பிடித்துக் களை எடுத்துக்கொண்டிருக்கிறார். களைக்கொத்து கிடைக்காததால் அண்ணியின் பழைய தோசைக்கரண்டி! பின்னால் சுத்தமான பச்சை, முன்னால் மஞ்சள். நடுவில் அப்பா. ரோட்டில் நாய் பிடித்துக்கொண்டு போன வெள்ளைக்காரப் பாட்டி நின்று பார்த்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அண்ணனுக்கு மட்டும் வெட்கம். "அப்பாவை வேலை வாங்கறோம்னு நினைப்பாங்கடா." பாவம், அவர் பயம் அவருக்கு.

பிடுங்கிய இலையை அப்பா தூக்கிப் போட விடவில்லை. முகர்ந்தார், கடித்தார், "கீரைதான்" என்று தீர்ப்பு சொன்னார். விசாரித்தால் நிஜமாகவே அங்கேயும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணி பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தார். சும்மா சொல்லக் கூடாது… கசப்பு கசப்புதான்!

இரண்டு வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். எண்பதுகளிலேயே வந்துவிட்டவராம். அப்பாவைக் களை எடுக்கையில் பார்த்துவிட்டு, ஒரு சாயங்காலம் வேலிப் பக்கம் வந்து, "ஐயா, உங்கட வளவு நல்ல வடிவா வந்திருக்கு" என்றார். அப்பாவுக்கு 'வளவு' புரியவில்லை, 'வடிவு' புரிந்துவிட்டது. அதற்கப்புறம் இரண்டு பேரையும் பிரிக்க முடியவில்லை. நாம் வாசல், தோட்டம், புழக்கடை என்று துண்டு போட்டுச் சொல்வதையெல்லாம் சேர்த்து அவர்கள் வளவு என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். அவருடைய வளவைப் பார்க்க வேண்டுமே! முன்னால் ஊரோடு ஒத்துப்போக ஒழுங்கான புல். பின்னால் பந்தல் போட்டுப் பாவற்காய், புடலங்காய், வெண்டி. பெரிய தொட்டியில் முருங்கை. செப்டம்பர் கடைசியில் முருங்கையை இரண்டு பேர் பிடித்து வீட்டுக்குள் தூக்கி வைத்துவிடுவார்களாம். கறிவேப்பிலைக்கு வருஷத்தில் எட்டு மாசம் ஜன்னலோரம்தான் வாசம்.

"விக்டோரியா டே வரும் வரைக்கும் ஒண்டையும் வெளியில நடாதேங்கோ" என்று அவர் அப்பாவுக்குப் பாடம் எடுத்தார். மே 25க்கு முந்தைய திங்கள்கிழமை. அதுவரைக்கும் ராத்திரியில் உறைபனி விழலாம். ஒரே ராத்திரியில் கன்று கறுத்துவிடும். நம்மவர்களுக்கு ஆடிப் பட்டம் மாதிரி அவர்களுக்கு அது.

விக்டோரியா டே முடிந்து பத்து நாள் கழித்து, அப்பா தமிழ்க்கடையில் பச்சை மல்லாட்டைப் பயறு ஒரு பாக்கெட் வாங்கினார். எனக்கு உடனே புரிந்துவிட்டது.

திண்டிவனத்துக்காரனுக்கு இது ரத்தத்தில் ஊறியது. எங்கள் ஊர் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ரகங்களுக்குப் பெயரே டி.எம்.வி. – திண்டிவனத்தின் சுருக்கம். 1940ல் வந்த டி.எம்.வி.2, 1967ல் வந்த டி.எம்.வி.7… அப்பா இதையெல்லாம் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்வார். தாத்தா போட்டது இரண்டு, இவர் போட்டது ஏழு.

பின்பக்கம் தெற்கே பார்த்த செங்கல் சுவர். பகலெல்லாம் சூடு வாங்கி ராத்திரியில் விடும். அதை ஒட்டி ஆறடிக்கு நாலடி, புல்லைப் பெயர்த்துப் பாத்தி கட்டினார். கடையில் மாட்டுச் சாணத்தை மூட்டை கட்டி விற்கிறார்கள், தெரியுமோ? காசு கொடுத்துச் சாணம் வாங்கியதை ஊரில் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். (இப்போது பத்திரிகையில் எழுதிவிட்டேன். மன்னிச்சுடுங்கப்பா.) இரண்டு மூட்டை ஆற்று மணல் கலந்தார். விதைத்தார். பத்து நாளில் முளைத்தது. அண்ணன் மகள், ஆறு வயசு, தினமும் காலையில் எழுந்ததும் தாத்தாவோடு போய் எண்ணிவிட்டு வந்து, "டுடே தர்ட்டி ஒன்!" என்று ரிப்போர்ட் கொடுப்பாள்.

இங்கேதான் ஒரு சிக்கல். இடது பக்கத்து வீட்டில் ஒரு சின்னப் பையன், எங்கள் குட்டியோடு விளையாட வருவான். அவன் அம்மா பாத்தியைப் பார்த்து என்ன செடி என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பையனுக்கு வேர்க்கடலை அலர்ஜி. கொஞ்சம் வாயில் பட்டாலே மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எப்போதும் பையில் ஊசி மருந்து வைத்திருக்கிறார்கள். அங்கே எத்தனையோ பள்ளிக்கூடங்களில் வேர்க்கடலைக்கு உள்ளேயே அனுமதி இல்லை.

அப்பாவிடம் சொன்னேன். அவரால் நம்பவே முடியவில்லை. "மல்லாட்டை துன்னா செத்துருவாங்களாடா? மல்லாட்டையா?" அன்றைக்கு முழுக்க அதையே கேட்டார். மறுநாள் பாத்தியைச் சுற்றிக் கம்பி வலை அடித்து, பூட்டுப் போட்ட ஒரு தட்டிக் கதவும் வைத்தார். சாவி அவர் அரைஞாணில். பையன் வருகிற நேரத்தில் பாத்திப் பக்கம் போகவே மாட்டார். வேலை செய்தால் கை கழுவி, சட்டை மாற்றித்தான் வாசலுக்கு வருவார். அந்த அம்மா ஆகஸ்டில் ஒரு கேக் செய்து கொண்டுவந்து கொடுத்தார்.

ஜூலையில் வெயில் உறைத்தது. எங்கள் புல் காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்தது. செத்துவிட்டது என்று நான் கலங்கிப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட, ஒரே நாள் ஓட்டத்தில் அண்ணன் தண்ணி பில்லைக் காட்டிப் பயமுறுத்தினார். புளூகிராஸ் வெயிலில் சாவதில்லை, தூங்கும். குளிர்ந்தால் எழுந்துவிடும். பச்சையாகவே வேண்டுமென்றால் வாரத்துக்கு ஓர் அங்குலம் தண்ணீர். ஒரு காலி டப்பாவைப் புல்லில் வைத்தால் அளவு தெரிந்துவிடும். இதைத்தான் நம் அருகம்புல்லும் செய்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதே அருகம்புல்தான் வெப்ப நாடுகளில் 'பெர்முடா கிராஸ்' என்ற பெயரில் கோல்ஃப் மைதானங்களில் படுத்திருக்கிறது. "நாம களைன்னு புடுங்கிப் புடுங்கிக் கை தேஞ்சோம்" என்றார் அப்பா.

ஆகஸ்டில் இன்னொரு கூத்து. ஒரு வாரம் நயாகரா, ஒட்டாவா என்று எல்லோரும் காரில் கிளம்பிவிட்டோம். அதற்கு முந்தின வாரமும் நான் வெட்டவில்லை (ஆபீஸில் ரிலீஸ் ஸார்!). நடுவில் நல்ல மழை. திரும்பி வந்தால் எதிர்வீட்டு வெள்ளைக்காரத் தாத்தா கையில் அளவு டேப்போடு நிற்கிறார். டொரண்டோவில் புல் 20 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது சட்டப்படி குற்றம். யாராவது புகார் செய்தால் நகரசபையிலிருந்து ஆள் வரும். "பத்தொன்பது" என்றார் தாத்தா, என் தோளைத் தட்டி. பெட்டியைக் கூட இறக்காமல் மெஷினை எடுத்தேன்.

ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் பாதி – இதுதான் அங்கே புல் விதைக்கிற காலம். மண்ணில் சூடு இருக்கும், காற்று குளிர்ந்திருக்கும், களை ஓய்ந்திருக்கும். ஆவணிப் பட்டம் என்று பெயர் வைத்தார் அப்பா. மண்ணைக் கீறி, விதை தூவி, மேலே மக்கு போட்டோம். உப்பு தின்ற பட்டையில் முதன்முறையாக மயிர் மாதிரி பச்சை எழும்பியது.

நாலாம் நாள் காலையில் பின்பக்கப் புல் சுருட்டிய பாய் மாதிரி உரிந்து கிடந்தது! ராத்திரியில் ரக்கூன் வந்து பிறாண்டியிருக்கிறது. "அது எதுக்குப் புல்லை உரிக்குது?" என்று அண்ணன் கத்த, அப்பா குனிந்து மண்ணைக் கிளறி, வெள்ளையாக அரை வட்டமாகச் சுருண்ட ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "வேர்ப்புழு. நம்ம மல்லாட்டைக்கு வர்றதோட சித்தப்பன் மவன்." வண்டு முட்டை வைத்து, புழு வேரைத் தின்று, புழுவைத் தின்ன ரக்கூன் வந்திருக்கிறது. அங்கே இதற்கு மருந்து, கண்ணுக்குத் தெரியாத நூற்புழு. உயிரோடு, ஃப்ரிட்ஜில் வைத்து விற்கிறார்கள். இருட்டுகிற நேரத்தில் தண்ணீரில் கலந்து ஈர மண்ணில் ஊற்ற வேண்டும். "புழுவைக் கொல்லப் புழுவைக் காசு குடுத்து வாங்கறீங்களே, நல்லா இருங்கடா" என்று ஊற்றியவரும் அப்பாதான்.

அக்டோபர் முதல் வாரம் செடியைப் பிடுங்கினோம். உறைபனிக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். ஊரில் 105 நாளில் வருவது அங்கே நாலு மாசம் ஆனது. விழுது இறங்கும்போது மண் அணைத்து, மிச்சமிருந்த ஜிப்சத்தைப் போட்டு என்னென்னவோ செய்தும், கிடைத்தது ஒரு சொம்பு. பாதி பொக்கு. அண்ணி கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வேகவைத்தார். ஆளுக்குப் பத்து. யாரும் பேசவில்லை. அண்ணன் கடைசிக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

(ஒன்டாரியோவின் தெற்கே நார்ஃபோக் பக்கம், முன்பு புகையிலை விளைந்த மணல் நிலத்தில் நிஜமாகவே வேர்க்கடலைப் பண்ணை வைத்திருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. அப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டாமல் விட்டது இன்னமும் எனக்குக் குறைதான்.)

அதே மாசக் கடைசியில்தான் பேச்சு வெடித்தது. மேப்பிள் இலை வாருகிற நாள். காகிதப் பையில் இலையைத் திணித்துக்கொண்டே அண்ணன் ஆரம்பித்தார்.

"அப்பா, அந்த மலையடி நிலம்… பார்ட்டி திரும்பக் கேக்கறாங்க. நான் இங்க, இவன் மெட்ராஸ்ல. யாருப்பா பாக்கறது? நீங்க இங்கயே இருந்துடுங்க."

அப்பா வாருகோலை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "சின்னவனே, இந்த வருஷம் இந்தப் புல்லுக்கு எவ்ளோ ஆச்சு?" என்றார்.

நான் அக்கவுன்ட்ஸ்காரன். கணக்கு வைத்திருந்தேன். விதை, உரம், ஜிப்சம், நூற்புழு, தண்ணீர், மெஷின் ரிப்பேர் எல்லாம் சேர்த்து அறுநூறு டாலர். அன்றைய ரேட்டுக்கு 33,000 ரூபாய்ச் சில்லறை.

"ஒண்ணும் விளையாததுக்கு இவ்ளோ பாக்கற. விளையறதை விக்கச் சொல்ற."

அண்ணன் பையைக் கீழே போட்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டேன். "எனக்கு நிலத்துக் காசா முக்கியம்? அம்மாவுக்கு முடியலன்னு போன் வந்து, நான் டிக்கெட் எடுத்து, பிளேன் மாறி வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. முகம் பாக்கல நான். உங்களுக்கும் அப்படி ஆச்சுன்னா?"

தெருவில் ஒரு இலை விழுந்தால் கேட்கும். அப்பா வாருகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, அண்ணன் போட்ட பையை எடுத்து, சிந்திய இலையை அள்ளி அள்ளித் திரும்பப் போட்டார். பதில் சொல்லவில்லை. அன்று ராத்திரி இரண்டு பேரும் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பேஸ்மென்ட் ஜன்னல் வழியாகக் கால்கள் மட்டும் தெரிந்தன. இரண்டு ஜோடி. எழுந்து போய்ப் பார்த்தால், அப்பாவும் அண்ணனும் வாசலில் குழி தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். டூலிப் கிழங்கு. யாழ்ப்பாணத்துப் பெரியவர் கொடுத்தாராம். மூன்று மாசத்துக்கு மேல் குளிரில் கிடந்தால்தான் அது பூக்கும். அதனால் இலையுதிர் காலத்திலேயே ஆறு அங்குல ஆழத்தில் புதைத்துவிட வேண்டும். பக்கத்துப் பாத்தியில் பூண்டு. அதற்கும் இதே கதை – அக்டோபரில் ஊன்றினால் அடுத்த ஜூலையில் எடுக்கலாம். அப்பா கயிறு பிடித்து நேர்கோடு காட்ட, அண்ணன் முட்டி போட்டு ஊன்றினார். அவர் பேன்ட்டெல்லாம் சேறு. நிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த சில வாரம் குளிர்காலத்துக்கு வீட்டைக் கட்டுகிற வேலை. சின்ன சீடர் செடிகளுக்குச் சாக்கு சுற்றினோம். இல்லாவிட்டால் வறண்ட குளிர்காற்றில் இலை கருகும். வெளிக்குழாயை உள்ளிருந்தே அடைத்து, மிச்சத் தண்ணீரை வடியவிட வேண்டும். மறந்தால் உள்ளே தண்ணீர் உறைந்து குழாய் வெடிக்கும். கனடா போகிற தம்பிகளே, இதை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள். ரோட்டோரப் பட்டைக்கு முன்னால் அப்பா தடுப்பாக ஒரு சாக்குத் திரை கட்டினார், உப்பு அடிக்காமல் இருக்க. நவம்பர் நடுவில் பனி விழுந்தது. அப்பா ஜன்னலோர நாற்காலிக்குப் போகவில்லை. பேத்தியோடு வெளியே போய் நின்று கை நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

டிசம்பரில் என்னோடு திரும்பினார். ஏர்போர்ட்டில் அண்ணன், "ரெண்டு வருஷம் இருக்கலாம்ப்பா" என்று கடைசியாக ஒரு முறை சொன்னார். "வெயில் காலத்துல வரேன்டா, களை எடுக்க" என்றார் அப்பா. பெருமுக்கல் வீட்டுக்கு வந்தபோது வாசலில் முழங்கால் உயரம் புல். அம்மா வைத்த டிசம்பர் பூச்செடி அதற்குள் எங்கேயோ பூத்திருந்தது. நான் என் டொரண்டோ அனுபவத்தைக் காட்டக் கிளம்பினேன். அப்பா பக்கத்து வீட்டுப் பசுவை அவிழ்த்து வந்து கட்டிவிட்டார்.

நிலம் விற்கவில்லை. அந்தப் பேச்சை அண்ணன் அப்புறம் எடுக்கவும் இல்லை. 2019 மே மாசம் டூலிப் படம் வந்தது, வரிசை பிசகாமல். அதற்கப்புறம் பட்டம் தவறாமல் போன் வரும். ஏப்ரலில் ஜிப்சம் எவ்வளவு, ஆவணியில் விதை எப்போது என்று. அண்ணனுக்கு எல்லாம் தெரியும், இருந்தாலும் கேட்பார். போன வாரம் கூட வீடியோவில் கூப்பிட்டார். ஆபீஸ் சட்டையோடு வாசலில் நிற்கிறார்.

"அப்பா, விதை போடலாமா?"

"உன் மூஞ்சிய எதுக்குடா காட்டற? போனைக் கீழ கொண்டா. மண்ணைக் காட்டு."